ட்ரோன் பறக்கவிடுமுன் எழும் சந்தேகங்கள்: வான்வெளி, உயரம், திரும்பும் வழி

ட்ரோன் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும், கல்யாணப் படப்பிடிப்பு செய்பவர்களும் வயலுக்கு மருந்து அடிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளையும், அவற்றுக்குப் பின்னர் வந்த திருத்தங்களையும் ஒட்டியவை. விதியைத் தெரிந்துகொள்வது ஒரு பங்குதான். கருவி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த வழியாகத் திரும்பும் என்பதைத் தரையில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்வது மற்றொரு பங்கு. விபத்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பங்கை விட்டுவிடுவதால் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

சின்ன ட்ரோன்தானே, கையளவுதான் இருக்கிறது. இதற்கெல்லாமா சட்டம்?

ஆம், எல்லா அளவுக்கும் சட்டம் உண்டு. விதிகள் ட்ரோன்களை எடையால் ஐந்தாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். நானோ வகைக்குச் சில சலுகைகள் உண்டு: அதற்கு வகைச் சான்றிதழ் (அந்த மாடல் தரத்துக்கு உட்பட்டது என்ற சான்று) தேவையில்லை, இயக்குபவருக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை, மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயமில்லை.

ஆனால் இந்தச் சலுகைகளில் எதுவும் வான்வெளியைப் பற்றியது அல்ல. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்பு மண்டலம்தான். பதிவு எண் வாங்குவதும் அப்படியே. விதி வெளிப்படையாக விலக்களித்தால் தவிர, பதிவு செய்து தனி அடையாள எண் பெறாமல் எந்த ட்ரோனையும் இயக்கக் கூடாது.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்கிறார்களே, எங்கள் ஊர் எதில் வருகிறது?

ட்ரோன்களுக்கான அரசின் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்த்தால் தெரியும். 2021 செப்டம்பரில் வெளியான அந்த வரைபடம் யாரும் பார்க்கக்கூடியது. பச்சை என்றால் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனியே அனுமதி கேட்காமல் பறக்கலாம். மஞ்சள் என்றால் அந்தப் பகுதியின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்த நிறங்கள் தரையில் பூசப்பட்டவை அல்ல, உயரத்தையும் சேர்த்தவை. பச்சைப் பகுதியிலேயே 400 அடிக்கு மேலே இருப்பது மஞ்சள் மண்டலம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்தில் 200 அடி வரைதான் பச்சை. அதற்கு மேல் அங்கும் மஞ்சள். எனவே ஒரே இடத்தில் நின்றபடி, ரிமோட்டின் குச்சியை மேலே தள்ளுவதாலேயே ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குள் போய்விட முடியும்.

சென்னையில் மீனம்பாக்கத்தைச் சுற்றி வாழ்பவர்கள் இதைத் தனியாக மனத்தில் கொள்ள வேண்டும். பல்லாவரம், ஆலந்தூர், கிண்டி எல்லாம் ஓடுபாதைக்கு மிக அருகில் உள்ளவை. பயணிகள் விமான நிலையம் இல்லாத ஊர்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. தாம்பரத்திலும் சூலூரிலும் தஞ்சாவூரிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படையின் வான்தளங்கள் இருக்கின்றன. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன.

போன வாரம் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாகக் காட்டுகிறது. தளத்தில் கோளாறா?

கோளாறாக இருக்க வேண்டியதில்லை. மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். ஒரு முறைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம் வரை அது செல்லும். பெரிய தலைவர்களின் வருகை, தேர்த் திருவிழா, பாதுகாப்பு நடவடிக்கை போன்ற நேரங்களில் இதை எதிர்பார்க்கலாம்.

இதனால்தான் ஒவ்வொரு முறை பறக்குமுன்னும் தளத்தைப் பார்க்க வேண்டும் என்பதை விதியே கட்டாயமாக்கியிருக்கிறது. முந்தின நாள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பயனில்லை.

400 அடி என்றால் எங்கிருந்து 400 அடி? திரையில் காட்டுவதுதானே கணக்கு?

எனக்கு வரும் கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான். விதி சொல்லும் உயரம், ட்ரோன் அந்த நொடியில் எந்தத் தரைக்கு மேலே இருக்கிறதோ அந்தத் தரையிலிருந்து அளக்கப்படுவது. சாதாரண ட்ரோனின் திரை காட்டும் உயரமோ, அது எழும்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. சமதளத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. மலையில் அது முழுமையாகப் பிரிந்துவிடும்.

கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேல் வளைவு ஒன்றில் நின்று எழுப்பி, பள்ளத்தாக்கை நோக்கி நேராக ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 60 மீட்டர் என்றே இருக்கும்; கீழே தரை 200 மீட்டர் இறங்கியிருந்தால் ட்ரோன் உண்மையில் 260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது பச்சை மண்டலத்தின் மேல் எல்லையை இரு மடங்குக்கும் மேல் தாண்டிவிட்டது. மாறாக, அடிவாரத்தில் எழுப்பி மலையை நோக்கி ஓட்டினால், திரை 100 மீட்டர் என்று ஆறுதலாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மரக்கிளையில் மோதும். இரண்டாவது தவறு ட்ரோனை மட்டும் இழக்கச் செய்யும். முதல் தவறு ஹெலிகாப்டர் பறக்கும் உயரத்தில் கொண்டு போய் நிறுத்தும்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. உயரத்தைக் காற்றழுத்தமானி வழியாகவே கருவி முதன்மையாகக் கணிக்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிய பகுதிகளில் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். மழை மேகம் திரண்டு அழுத்தம் மாறும்போதும், வெயிலில் கருவி சூடாகும்போதும் கணக்கில் சில மீட்டர் பிசகு வரும். ஆகையால் எல்லையைத் தொட்டுக்கொண்டு 119 மீட்டரில் பறப்பது அறிவுடைமை அல்ல. சமதளத்தில் 100 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலையில், வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, போகும் வழியில் தரை எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்பத் தாழப் பறங்கள்.

சிக்னல் போனாலும் தானாகத் திரும்பி வந்துவிடும் என்றார் கடைக்காரர். அப்புறம் என்ன பயம்?

திரும்பி வரும் என்பது உண்மைதான். எங்கே, எந்த உயரத்தில், எந்த வழியில் என்பதை நீங்கள்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும். ‘ரிட்டர்ன் டு ஹோம்’ என்ற வசதி, எழும்பும்போது செயற்கைக்கோள்களைக் கொண்டு ஒரு வீட்டுப் புள்ளியைக் குறித்துக்கொள்கிறது. போதுமான செயற்கைக்கோள்கள் கிடைக்குமுன் அவசரப்பட்டு எழுப்பினால் அந்தப் புள்ளி பதிவாகாமலோ, சற்றுத் தள்ளியோ போகலாம். வீட்டுப் புள்ளி பதிவானதாகத் திரையிலோ குரலிலோ அறிவிப்பு வரும் வரை தரையிலேயே காத்திருங்கள். படகிலிருந்து எழுப்புபவர்களுக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் படகு நகர்ந்துவிடும், புள்ளி தண்ணீர் மேலேயே நிற்கும்.

அடுத்தது திரும்பும் உயரம். பெரும்பாலான ட்ரோன்கள் முதலில் அந்த உயரத்துக்கு ஏறி, பிறகு வீட்டை நோக்கி நேர்கோட்டில் வரும். அந்த உயரம் 20 மீட்டர் என்று விடப்பட்டிருந்தால், நடுவில் நிற்கும் தென்னை மட்டைக்குள் அது நேராகப் புகுந்துவிடும். சுற்றிலும் உள்ள மிக உயரமான பொருளைக் கண்டறிந்து, அதற்கு மேல் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி விட்டுத் திரும்பும் உயரத்தை அமையுங்கள். தடை உணரிகள் மின்கம்பியைப் பார்க்கும் என்று நம்ப வேண்டாம். மெல்லிய கம்பி அவற்றுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இந்த உயரமும் எழும்பிய இடத்திலிருந்துதான் கணக்கு என்பதால், மேலே மலையைப் பற்றிச் சொன்னது இங்கும் அப்படியே பொருந்தும்.

மொட்டை மாடியில் வைத்தால் மட்டும் ‘காம்பஸ் எரர்’ வருகிறது. தெருவில் வருவதில்லை. ஏன்?

மாடித் தளத்தின் கான்கிரீட்டுக்குள் முறுக்குக் கம்பிகள் ஓடுகின்றன. ட்ரோனின் காந்தத் திசைகாட்டி பூமியின் மெல்லிய காந்தப் புலத்தைப் படிப்பது. அதற்கு ஒரு சாண் கீழே இரும்பு வலை இருந்தால் திசை பிசகிவிடும். கார் பானட், இரும்பு மூடி, தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி ஆகியவற்றின் அருகிலும் இதே நிலைதான்.

அந்த இடத்திலேயே திசைகாட்டியைச் சரிசெய்யும் ‘காலிபரேஷன்’ செய்வதுதான் இதில் பெரிய தவறு. அப்படிச் செய்தால், கருவி இரும்பின் கோளாறையும் சேர்த்துச் சரியென்று கற்றுக்கொண்டு, மேலே போனதும் திசை தவறி வட்டம் வட்டமாக அகன்றுகொண்டே போகும். திறந்த மண்தரைக்குப் போய்ச் செய்யுங்கள். வேறு வழியின்றி மாடியிலிருந்துதான் எழுப்ப வேண்டுமென்றால், மர முக்காலி போன்ற ஒன்றின் மேல் உயர்த்தி வைத்து, பிழை நீங்கியதைப் பார்த்த பிறகே எழுப்புங்கள்.

ஜி.பி.எஸ். போய்விட்டால் கீழே விழுந்துவிடுமா?

விழாது, ஆனால் நின்ற இடத்தில் நிற்காது. உள்ளே இருக்கும் சுழல் உணரிகள் அதைச் சாயாமல் வைத்திருக்கும், காற்றழுத்தமானி உயரத்தைப் பிடித்திருக்கும். இடத்தைப் பிடித்து வைப்பது செயற்கைக்கோள்தான் என்பதால், அது போனதும் காற்று தள்ளும் பக்கம் நகரத் தொடங்கும். கீழே நோக்கும் கேமரா இருந்தால் தாழ்வான உயரத்தில், வெளிச்சத்தில், அது ஓரளவு உதவும்.

இந்த நிலையில் தானாகத் திரும்பும் வசதியும் வேலை செய்யாது. ட்ரோனின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே கையால் கொண்டுவர முடியும். திறந்த மைதானத்தில், தாழ்வாக, உதவி வசதிகளை நம்பாமல் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகுங்கள். ட்ரோன் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். அந்தக் குழப்பம் கையை விட்டுப் போகும் வரை உயரே செல்ல வேண்டாம்.

கடற்கரையில் கீழே காற்றே இல்லை. மேலே போனதும் திரும்பி வர மறுத்துவிட்டது. எப்படி?

தரையில் மரமும் வீடும் மணல்மேடும் காற்றைத் தடுக்கின்றன. 80 மீட்டர் உயரத்தில் தடுப்பது எதுவுமில்லை. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறத் தொடங்கும், அதன் வேகமும் பிற்பகலில் கூடும். காற்றோடு சேர்ந்து போகும்போது ட்ரோன் சுலபமாக நெடுந்தூரம் போய்விடுகிறது. திரும்பும்போது முழுக் காற்றையும் எதிர்த்து வர வேண்டும், அதற்குள் மின்கலத்தில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும்.

எனவே முதலில் காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது காற்றின் துணையோடு வாருங்கள். மின்கலம் 30 சதவீதத்துக்கு வருமுன் தரையில் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறையுங்கள். கீழே காற்று மெலிவாக இருக்கும். வழியில் வேறு பத்திரமான வெற்றிடம் இருந்தால் அங்கேயே இறக்கிவிடுவது வீட்டுப் புள்ளிக்குப் போராடுவதைவிட நல்லது.

திரையில்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே, ட்ரோனைக் கண்ணால் வேறு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டும். கேமரா தனக்கு முன்னால் இருப்பதை மட்டும் காட்டும். பக்கத்திலிருந்து வரும் பருந்தையோ, மேலிருந்து இறங்கும் ஹெலிகாப்டரையோ அது காட்டாது.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் பாலிசேட்ஸ் பகுதி காட்டுத்தீயில் எரிந்துகொண்டிருந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஒருவர் சான்டா மோனிகாவில் வாகன நிறுத்தக் கட்டடத்திலிருந்து சிறிய ட்ரோன் ஒன்றை எழுப்பி, தீயைப் பார்க்க இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு ஓட்டி, கண்பார்வையிலிருந்து தவறவிட்டார். அது கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து உதவிக்கு வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ‘சூப்பர் ஸ்கூப்பர்’ விமானத்தின் இறக்கையில் மோதி, ஏறத்தாழ மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலத் துளையை உண்டாக்கியது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் மிக அவசரமான நேரத்தில் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. கால் கிலோ கூட இல்லாத கருவி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கும் இந்த நிகழ்ச்சியையே பதிலாகச் சொல்கிறேன்.

பறந்துகொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் என்ன செய்வது?

உடனே கீழே இறக்குங்கள். மனிதர் பயணிக்கும் எந்த வானூர்திக்கும் வழியுரிமை உண்டு, ட்ரோன்தான் விலக வேண்டும் என்பது விதி. சத்தம் எந்தத் திசை என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பக்கவாட்டில் விலகுவதைவிட இறங்குவதே பெரும்பாலும் பாதுகாப்பானது, ஏனென்றால் ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

கல்யாண வீடியோ எடுக்கிறேன். ட்ரோன் 2 கிலோவுக்குள்தான். சான்றிதழ் வேண்டுமா?

250 கிராமுக்கு மேல் என்றால் வேண்டும். மைக்ரோ வகைக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை என்ற சலுகை, வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. கூலி வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பது வணிகம்தான்.

2022 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு ‘லைசென்ஸ்’ என்பது இல்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் தரும் தொலைவிமானிச் சான்றிதழே போதும். வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பயிற்சி நிறைவு ஆகியவை தகுதிகள். சான்றிதழ் பத்து ஆண்டுகள் செல்லும். பாஸ்போர்ட் இல்லையே என்று தயங்கியவர்களுக்கு 2023 திருத்தம் வழி செய்திருக்கிறது. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் கொண்டே விண்ணப்பிக்கலாம்.

கோயில் பச்சை மண்டலத்தில்தான் இருக்கிறது. ஏன் தடுக்கிறார்கள்?

பச்சை என்பது வான்வெளிக்கான அனுமதி. கீழே உள்ள இடத்தின் நிர்வாகம் தரும் அனுமதி அல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், தஞ்சைப் பெரிய கோயில் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ட்ரோன் படப்பிடிப்புக்கு அத்துறையிடம் தனியே அனுமதி வாங்க வேண்டும். சரணாலயங்களிலும் காப்புக்காடுகளிலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேலே பறப்பதை நான் அனுமதி இருந்தாலும் பரிந்துரைக்க மாட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வரும்போது வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

சரியல்ல. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அனுமதியுடன் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. பயணப் பெட்டியில் வரும் ட்ரோன் சுங்கத்தில் நிற்கும். நழுவி வந்தாலும் பதிவு எண் வாங்குவது அடுத்த சிக்கல். அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

என்னுடையது 249 கிராம். ஃபில்டரும் இறக்கைக் காப்பும் மாட்டினால் நானோதானே?

இல்லை. எடைக் கணக்கு, அது சுமக்கும் அனைத்தையும் சேர்த்தது. இறக்கைக் காப்பு, விளக்கு, பெரிய மின்கலம் எதுவானாலும் சேர்ந்து 250 கிராமைத் தாண்டினால் மைக்ரோ. முதல் கேள்வியில் சொன்ன சலுகைகளில் காப்பீடு பற்றியதும் வகைச் சான்றிதழ் பற்றியதும் உடனே போய்விடும். சமையலறைத் தராசில் முழு அமைப்போடு நிறுத்துப் பாருங்கள்.

மருந்து அடிக்கும் ட்ரோன் பத்தடி உயரத்தில்தான் போகிறது. அதற்குமா இதெல்லாம்?

அதற்கும்தான். பத்து லிட்டர் தொட்டி நிரம்பிய ட்ரோன் 2 கிலோவைப் பல மடங்கு தாண்டும் என்பதால் அந்த எடை வகைக்கான சான்றிதழ் இயக்குபவரிடம் இருக்க வேண்டும், காப்பீடும் வேண்டும். சிவப்பு மண்டலம் தரையிலிருந்தே தொடங்குவதால் பத்தடி என்பது விலக்காகாது.

வயலில் பெரிய ஆபத்து வான்வெளியைவிட மின்கம்பிதான். வேலை தொடங்குமுன் வரப்பில் ஒரு சுற்று நடந்து, பம்புசெட்டுக்குப் போகும் கம்பி, கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பி, ஓரத்துத் தென்னை ஆகியவற்றைப் பார்த்து, தானியங்கிப் பாதையின் திருப்பங்களை அவற்றிலிருந்து தள்ளி அமையுங்கள். தொட்டி நிரம்பியிருக்கும்போது ட்ரோன் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம், காலியாக இருக்கும்போது எடுப்பதைவிட அதிகம். பாதை ஒன்றே என்பதற்காக முதல் சுற்றின் வேகத்தையும் கடைசிச் சுற்றின் வேகத்தையும் ஒன்றாக வைக்க வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டுவிட்டால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாக விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்குத் தெரிவிக்க வேண்டியது இயக்கியவரின் கடமை. அடிபட்டவரின் சிகிச்சைக்குத்தான் மூன்றாம் தரப்புக் காப்பீடு. மறைத்தால் அதுவும் கைக்கு வராமல் போகலாம். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மற்ற சட்டங்களின்படி வரும் வழக்கு தனி.

நான் பச்சை மண்டலத்தில் நிற்கிறேன், ட்ரோன் எல்லைக் கோட்டை ஒட்டிப் பறக்கிறது. இதில் தவறு உண்டா?

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது கணக்கே அல்ல. ட்ரோன் இருக்கும் இடம்தான் கணக்கு. செயற்கைக்கோள் இடக்கணிப்பில் சில மீட்டர் பிசகு இயல்பு, காற்று ஒரு தள்ளு தள்ளினால் இன்னும் சில மீட்டர் போகும். கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டராவது உள்ளே தள்ளி இருங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சிவப்பு மண்டலத்தின் எல்லை வளைந்து செல்லும் இடத்தில், அதன் ஓரமாகவே சுற்றி ட்ரோனை மறுபக்கம் கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். போன பாதை முழுவதும் பச்சை. அங்கே சிக்னல் அறுந்தால், மேலே சொன்னபடி அது நேர்கோட்டில் வீடு திரும்பும். அந்தக் கோடு சிவப்பு மண்டலத்தின் குறுக்கே போகும். ஆகவே வரைபடத்தில் போகும் பாதையைப் பார்த்தால் போதாது. பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் வீட்டுப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கோடு சிவப்பைத் தொட்டாலும் எழும்பும் இடத்தை மாற்றுங்கள், அல்லது சிக்னல் அறுந்தால் திரும்புவதற்குப் பதில் நின்ற இடத்திலேயே இறங்கும்படி அமைப்பை மாற்றுங்கள். பின்னதைத் தேர்ந்தெடுத்தால், கீழே குளமோ சாலையோ வீடுகளோ இல்லை என்பதையும் அதே வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுப்புங்கள்.